விடை சரி, கேள்வி சரியா? நாஜி காலத்துச் சிறுவர்களின் சந்தேகத்தைச் சொல்லும் இளையோர் நாவல்கள்: ஓர் அறிமுகம்

முதலில் ஒரு கணக்கு. மனநோயாளர் விடுதி ஒன்றைக் கட்ட 60 லட்சம் மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) செலவாகிறது. ஒரு வீடு கட்ட 15,000 மார்க் போதும். அந்த விடுதிக்குச் செலவான பணத்தில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்?

விடை 400. நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெர்மன் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்ற கணக்கு இது. வகுத்தல் தெரிந்த எந்தப் பிள்ளையும் போட்டுவிடும். ஆசிரியர் சரி என்று குறி போடுவார், பிள்ளை சந்தோஷமாக வீட்டுக்குப் போகும். அந்த வகுப்பில் ஒரு பொய்கூடச் சொல்லப்படவில்லை. ஆனால், நோயாளி ஒருவர் உயிரோடு இருப்பதே நல்ல குடும்பம் ஒன்றின் வீட்டைப் பறிக்கிறது என்ற எண்ணம், கணக்கோடு கணக்காக அந்தப் பிள்ளையின் மனத்தில் இறங்கிவிட்டது.

இந்தப் பிள்ளை ஒருநாள் 'விடை சரிதான், கேள்வி சரியா?' என்று தனக்குள் கேட்டுக்கொள்ளத் தொடங்கினால் என்ன ஆகும்? அந்த நாள் எதனால் வரும்? வந்தபின் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? இந்தக் கேள்விகளைச் சுற்றிப் பின்னப்பட்ட நாவல்கள் பல மொழிகளில் இருக்கின்றன. இந்த வகையை முதன்முதலாகக் கையில் எடுக்கும் வாசகருக்காக, குறிப்பாகப் பள்ளி, கல்லூரிப் பருவத்து வாசகருக்காக, இதை எழுதுகிறேன்.

சரித்திர நாவல் என்றதும் நம் மனத்தில் குதிரைக் குளம்பொலி கேட்கும். கோட்டையும் சுரங்கப் பாதையும் சோழ இளவரசர்களும் கண்முன் வருவார்கள். இங்கே அவை எதுவும் இல்லை. ஒரு வகுப்பறை, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி, ஒரு இறைச்சிக் கடை, ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பு, அவ்வளவுதான் அரங்கம். சட்டங்கள், தேதிகள், ஊர்வலங்கள், தடைகள் எல்லாம் உண்மையில் நடந்தவை. அவற்றின் நடுவே நடமாடும் சிறுவனும் சிறுமியும் கற்பனை. கதை முழுக்க அந்தப் பதினான்கு, பதினைந்து வயதுக் கண்களின் உயரத்திலிருந்தே தெரியும். அதனால்தான் இவற்றை இளையோர் நாவல் என்கிறோம்.

காலமும் குறிப்பானது. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர், அதாவது அரசாங்கத் தலைவர், ஆனார். 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டு ஏழு மாதம்தான் இந்தக் கதைகளின் களம். சில கதைகள் இன்னும் கொஞ்சம் முன்னதாக, ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முந்தைய தெருச் சண்டைகளின் நாட்களிலேயே தொடங்கிவிடும். விமானத் தாக்குதலும் விஷவாயுக் கூடமும் இன்னும் வரவில்லை. வரப்போவது வாசகருக்குத் தெரியும், கதைக்குள் இருப்பவருக்குத் தெரியாது. 'இது கொஞ்ச நாளில் சரியாகிவிடும்' என்று ஒரு பாத்திரம் சொல்லும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறதே, அந்தப் பிசைவுதான் இந்த வகை நாவலின் அடிப்படை இயக்கம்.

போருக்கு முந்தைய காலத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. போர் நடுவே ஆட்சியை எதிர்த்தவர்களுக்கு முன்னால் மரணதண்டனை நின்றது. 1934இல் ஒரு பள்ளிச் சிறுவனுக்கு முன்னால் இருந்தவை பெரும்பாலும் சிறிய தேர்வுகள். பழைய நண்பனோடு பேசுவதா, தெருவின் மறுபக்கம் போய்விடுவதா? வழக்கமான கடையில் பொத்தான் வாங்குவதா, வேறு கடைக்குப் போவதா? இப்படித்தான் ஒரு தலைமுறையே நகர்ந்தது. பதின்பருவத்து வாசகர் தன்னை வைத்துப் பார்க்க முடிகிற அளவில் இருக்கின்றன இந்தத் தேர்வுகள்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது

சந்தேகத்தைப் புரிந்துகொள்ள, முதலில் நம்பிக்கையைப் புரிந்துகொள்ள வேண்டும். மோசமான நாவல்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. அவற்றில் நாஜி இயக்கம் முதல் பக்கத்திலிருந்தே அருவருப்பாக இருக்கும். அதில் ஏன் ஒருவர் சேர வேண்டும் என்பதே விளங்காது. உண்மையில் அது பிள்ளைகளை ஈர்த்தது.

1933 தொடக்கத்தில், நாஜிக் கட்சியின் இளைஞர் அமைப்பான ஹிட்லர் இளைஞர் இயக்கத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அது 20 லட்சத்தைத் தாண்டியது. 1937இல் 54 லட்சம். பத்து வயதில் இளையோர் பிரிவில் சேர்ப்பார்கள்; பதினான்கில் பெரிய பிரிவு. பெண்பிள்ளைகளுக்குத் தனி அமைப்பு. 1936 டிசம்பரில் வந்த சட்டம், ஜெர்மன் இளைஞர் அனைவரும் இந்த இயக்கத்துக்குள் அடக்கம் என்று அறிவித்தது. 1939 மார்ச்சில் சேராமலிருப்பதே குற்றம் என்ற நிலை வந்தது. மற்ற இளைஞர் சங்கங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன அல்லது விழுங்கப்பட்டன.

எண்களைவிட முக்கியமானது, அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன என்பது. கூடாரம், தீமூட்டம், கூட்டுப் பாட்டு, மலையேற்றம். தேர்வில் தேறினால் இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு கத்தி. மருத்துவர் மகனும் கூலித் தொழிலாளி மகனும் ஒரே சீருடையில் ஒரே வரிசையில் நடந்தார்கள். பதினைந்து வயதுப் பையனுக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சிலரை வழிநடத்தும் பொறுப்பு கிடைத்தது. இளைஞரை இளைஞரே வழிநடத்த வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் முழக்கம். வீட்டில் 'நீ சின்னப் பையன், வாயை மூடு' என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படி இருந்திருக்கும்!

பெற்றோரை மீறுவது பதின்பருவத்தின் இயல்பு என்கிறோம். அந்த இயல்பையே நாஜிகள் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மெலிட்டா மாஷ்மன் என்ற பெர்லின் பெண்ணின் வாழ்க்கை இதற்குச் சரியான சான்று. பழமைவாதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933 ஜனவரி 30 இரவு பெர்லினில் நடந்த தீப்பந்த ஊர்வலத்தைப் பதினைந்து வயதில் பார்த்தார். தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்றில் கலந்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. பெற்றோருக்குத் தெரியாமல் இயக்கத்தில் சேர்ந்தார். அவருக்கு அது அடிபணிதலாகத் தெரியவில்லை. வீட்டுக்கு எதிரான கலகமாகத் தெரிந்தது. ஆகவே இப்படிப்பட்ட ஒரு நாவலில் அப்பாவின் பேச்சைத் தட்டாமல் கேட்கும் பிள்ளை நாஜி எதிர்ப்பாளராகவும், துணிச்சலான பிள்ளை சீருடை அணிந்தவராகவும் இருந்தால் வியக்க வேண்டாம். அந்தக் காலத்தின் திருகல் அது.

பள்ளியும் கூடவே வேலை செய்தது. உயிரியல் பாடத்தில், மனித இனங்களுக்குள் உயர்வு தாழ்வு கற்பிக்கும் 'இனவியல்' நுழைந்தது. ஆசிரியர் உள்ளே வந்ததும் வணக்கத்துக்குப் பதிலாகக் கை நீட்டி ஹிட்லர் பெயரைச் சொன்னார்கள். சொற்களே மாறின. டிரெஸ்டன் நகரில் பேராசிரியராக இருந்து 1935இல் யூதர் என்பதற்காக வேலையிழந்த விக்டர் கிளெம்பரர், இந்த மாற்றங்களை ரகசியமாகக் குறித்துவைத்து 1947இல் நூலாக்கினார். 'வெறித்தனமான' என்ற சொல் அதுவரை வசையாக இருந்தது, அந்தக் காலத்தில் பாராட்டாக மாறிப்போனது என்கிறார் அவர். வெறித்தனமான விசுவாசம், வெறித்தனமான உழைப்பு. அந்தச் சொற்களிலேயே வளர்ந்த பிள்ளைக்குச் சந்தேகப்படுவதற்கான சொற்கள் எங்கே கிடைக்கும்? நல்ல நாவலாசிரியர் இதை அறிந்திருப்பார். அவருடைய பாத்திரம் 'இது மனித உரிமை மீறல்' என்றெல்லாம் பேசாது. தொண்டையில் ஏதோ சிக்கியது போல உணரும், அவ்வளவுதான்.

கீறல் விழும் விதம்

சந்தேகம் பெரிய தத்துவமாக வருவதில்லை. அற்பமான ஏதோ ஒன்றில் காலைத் தட்டிக்கொண்டு வருகிறது.

உல்ம் நகரத்துச் சிறுவன் ஹான்ஸ் ஷோல் 1933இல், அப்பாவின் கடும் எதிர்ப்பை மீறி, இளைஞர் இயக்கத்தில் சேர்ந்தான். தங்கை சோஃபியும் பெண்கள் அமைப்பில் சேர்ந்தாள். ஹான்ஸ் நல்ல தலைவன். கிதார் வாசிப்பான், பாடுவான். 1935இல் நாஜிக் கட்சியின் நியூரம்பர்க் மாநாட்டில் கொடி ஏந்திச் செல்லும் பெருமை கிடைத்தது. போனவன் உற்சாகம் வடிந்து திரும்பினான். அவனுடைய அக்கா பின்னாளில் எழுதியதிலிருந்து சில விவரங்கள் தெரியவருகின்றன. நார்வே, ரஷ்யா போன்ற வேற்று நாட்டுப் பாடல்களைப் பாடக்கூடாது என்று மேலிடம் தடுத்தது. அவனுக்குப் பிடித்த எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்கின் நூலைத் தொடக்கூடாது என்றார்கள், அவர் யூதர் என்பதால். பிறகு, அவன் குழுப் பையன்கள் தாங்களே தைத்த கொடியை ஒப்படைக்கச் சொன்னார்கள். கொடி பிடித்திருந்த சின்னப் பையனை மேலதிகாரி மிரட்டியபோது ஹான்ஸ் அவரைக் கன்னத்தில் அறைந்தான்.

ஒரு பாட்டு, ஒரு புத்தகம், ஒரு துணி. பெரிய அநீதிகள் அதற்கு முன்பே கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தன. ஆட்சியை எதிர்ப்பவர்களை அடைத்துவைக்கும் டாஹாவ் முகாம் 1933 மார்ச்சிலேயே திறக்கப்பட்டுவிட்டது. ஏப்ரல் 1 அன்று யூதர் கடைகளுக்கு முன்னால் சீருடைக்காரர்கள் நின்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினார்கள். மே 10 அன்று பெர்லின் சதுக்கத்தில் ஆட்சிக்குப் பிடிக்காத புத்தகங்கள் எரிக்கப்பட்டன. குழந்தைகளுக்காக எழுதிய எரிக் கெஸ்ட்னர் கூட்டத்தில் நின்றபடி தன் நூல்கள் நெருப்பில் விழுவதைப் பார்த்தார். இவையெல்லாம் அசைக்காத ஒரு பிள்ளையை, தான் தைத்த கொடி அசைத்தது. இது குறையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் கைக்கு எட்டியதில்தான் எந்தப் பிள்ளையும் முதலில் அநீதியைத் தொட்டுப் பார்க்கிறது. அதை அடுத்தவர் வலிவரை நீட்டிக்கொண்டு போவதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. ஹான்ஸும் சோஃபியும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளை ரோஜா என்ற பெயரில் ஆட்சியை எதிர்த்துத் துண்டறிக்கைகள் வெளியிட்ட குழுவில் இருந்தார்கள், 1943 பிப்ரவரி 22 அன்று மியூனிக்கில் கொல்லப்பட்டார்கள். அப்போது சோஃபிக்கு 21 வயது.

இந்த நாவல்களில் அடிக்கடி வரும் கீறல் வேறு: தெரிந்த முகம். வகுப்பறையில் யூதன் என்றால் மூக்கு வளைந்த, பேராசை பிடித்த ஓர் உருவம் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு யூத நண்பனோ இவனைப் போலவே இருக்கிறான், இவனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறான். காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் பொருந்தவில்லை. வலுவான கதைக்கரு இது. ஆனால் ஓர் உண்மையையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். 1933இல் ஜெர்மனியில் யூதர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெர்லினில் வாழ்ந்தார்கள். கிராமத்துப் பிள்ளைகள் பலர் ஒரு யூதரைக்கூட நேரில் கண்டதில்லை. தெருமுனைக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்த வெறுப்புப் பத்திரிகையின் கேலிச்சித்திரம்தான் அவர்களுக்குத் தெரிந்த யூதர். அந்தப் பிள்ளைக்குக் கீறல் எங்கிருந்து விழும்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட நாவல்கள் குறைவு என்பது என் வருத்தம்.

கீறல் விழுந்தாலும் அது தானாகப் பிளவாகிவிடாது. மனம் உடனே பூசி மெழுகத் தொடங்கும். அன்றைய ஜெர்மனியில் சாதாரணமாகப் புழங்கிய சமாதானம் ஒன்று உண்டு: 'தலைவருக்கு மட்டும் இது தெரிந்தால்!' கீழே இருக்கிற அதிகாரிகள்தான் அட்டூழியம் செய்கிறார்கள், மேலே இருப்பவர் நல்லவர், அவர் காதுக்குப் போனால் விட்டுவைக்க மாட்டார். இன்னொரு சமாதானம், 'எனக்குத் தெரிந்த இந்த யூதர் விதிவிலக்கு' என்பது. நண்பனைக் காப்பாற்றிக்கொண்டே கொள்கையையும் காப்பாற்றிக்கொள்ளும் உபாயம். இந்த இரண்டு சமாதானங்களும் ஒரு பாத்திரத்தின் வாயில் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால், எழுதியவர் அந்தக் காலத்தை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார் என்று பொருள்.

அச்சமும் இருந்தது. 'கடவுளே, என்னை நல்லவனாக்கு, நான் சொர்க்கம் சேர' என்று ஜெர்மன் குழந்தைகள் சொல்லும் பழைய பிரார்த்தனையை மக்கள் மாற்றிச் சொன்னார்கள்: 'கடவுளே, என்னை ஊமையாக்கு, நான் டாஹாவ் போகாதிருக்க.' வாய் திறப்பதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும் பழக்கத்துக்கு 'ஜெர்மன் பார்வை' என்றே பெயர் வந்துவிட்டது. பல வீடுகளில் பெற்றோர் பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடும். அந்த மௌனத்தைவிடக் கனமான காட்சி இந்த நாவல்களில் வேறு இல்லை. தான் பெற்ற பிள்ளையைப் பார்த்து அஞ்சும் தாய். தன்னைப் பார்த்து அம்மா ஏன் பேச்சை மாற்றுகிறாள் என்று முதலில் குழம்பி, பிறகு புரிந்துகொள்ளும் பிள்ளை.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

காலப் பிழை எளிதில் நுழைந்துவிடும். 1938இல் நடக்கும் ஜெர்மன் கதையில் யூதச் சிறுமியின் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் இருந்தால் எழுதியவர் தவறிவிட்டார். ஜெர்மனியில் அது 1941 செப்டம்பரில்தான் கட்டாயமானது. 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. 1936 ஒலிம்பிக்கின்போது வெளிநாட்டார் கண்ணில் படாதிருக்க யூத வெறுப்புப் பலகைகளைத் தற்காலிகமாகக் கழற்றினார்கள். நேற்றுவரை பலகை இருந்த இடத்தைப் பார்த்து 'சரியான செயல் என்றால் ஏன் மறைக்க வேண்டும்?' என்று ஒரு சிறுவன் யோசிப்பதற்கு இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் நாடெங்கும் யூதர் கடைகளும் தொழுகைக் கூடங்களும் நொறுக்கப்பட்டன, சுமார் 30,000 யூத ஆண்களை முகாம்களுக்கு இழுத்துச் சென்றார்கள். சில நாட்களில், நவம்பர் 15 அன்று, எஞ்சியிருந்த யூத மாணவர்களை ஜெர்மன் பள்ளிகளிலிருந்து வெளியேற்றினார்கள்.

இன்னொன்று எனக்கு மிக முக்கியம். யூத நண்பன் கதையில் எதற்காக இருக்கிறான்? ஜெர்மன் சிறுவனின் மனம் திருந்துவதற்காக மட்டும் வந்து, அடிபட்டு, காணாமல் போகிறானா? அப்படியென்றால் அங்கேயும் அவனுக்கு அநியாயம்தான் நடக்கிறது. அவனுக்கென்று கோபம் இருக்க வேண்டும், ஆசை இருக்க வேண்டும், ஜெர்மன் நண்பனை மன்னிக்க மறுக்கும் உரிமையும் இருக்க வேண்டும்.

போருக்கு முன்பே, அந்தச் சூழலின் சூட்டிலேயே எழுதப்பட்ட நாவலும் உண்டு. ஓடன் ஃபான் ஹோர்வாத் 1937இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட 'கடவுள் இல்லாத இளமை'. அதில் சந்தேகப்படுபவர் மாணவரல்ல, ஆசிரியர். கறுப்பின மக்களை இழிவுபடுத்தி ஒரு மாணவன் கட்டுரை எழுதியிருக்கிறான். சிவப்பு மையால் அடிக்கக் கை போகிறது, நின்றுவிடுகிறது; வானொலியில் சொல்லப்பட்டதை ஆசிரியர் எப்படி அடிப்பது? நோட்டைத் திருப்பித் தரும்போது, அவர்களும் மனிதர்கள்தானே என்று மட்டும் சொல்கிறார். அடுத்து அந்த மாணவனின் தந்தை சண்டைக்கு வந்து நிற்கிறார். இளையோருக்கென எழுதப்பட்டதல்ல என்றாலும், பிள்ளைகளின் நம்பிக்கை பெரியவர்களை எப்படி மிரட்டியது என்பதை அறிய இதைப் படிக்கலாம்.

நான் முதலில் படிக்கச் சொல்வது ஹான்ஸ் பீட்டர் ரிக்டர் எழுதி 1961இல் வெளிவந்த, ஃபிரீட்ரிக் என்ற யூதச் சிறுவனின் கதையை. ரிக்டர் 1925இல் கொலோன் நகரில் பிறந்தவர். தானும் அந்த இளைஞர் இயக்கத்தில் இருந்ததையும், வேடிக்கை பார்த்தவனாக மட்டுமல்லாமல் நம்பியவனாகவே இருந்ததையும் மறைக்காதவர். கதை சொல்லும் சிறுவனுக்கு நாவலில் பெயரில்லை. அவனும் ஃபிரீட்ரிக்கும் ஒரே கட்டடத்தில் வசிக்கிறார்கள். அவனுடைய அப்பா வேலைக்காகக் கட்சியில் சேர்கிறார், கெட்டவர் அல்ல. அத்தியாயத் தலைப்புகளில் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு ஏற ஏற நமக்கு மூச்சு முட்டுகிறது.

1938 நவம்பர் அத்தியாயத்தில் இந்தச் சிறுவன் தெருவில் கும்பலைப் பார்க்கிறான். தொழில் பழகும் யூத இளைஞர்களின் விடுதி ஒன்றின் கதவை உடைக்கிறார்கள். முதலில் வேடிக்கை பார்க்கிறான், பிறகு கூட்டத்தோடு உள்ளே போகிறான். கையில் ஒரு சுத்தியல் கிடைக்கிறது. கண்ணாடி உடையும் சத்தம் அவனுக்குப் பிடித்திருக்கிறது. உடைக்கிறான், இன்னும் உடைக்கிறான், களைத்துப்போகிறான், எல்லாம் அருவருப்பாகிறது, வீட்டுக்குத் திரும்புகிறான். அங்கே அவன் கட்டடத்துக்குள்ளேயே ஒரு கும்பல் வந்து ஃபிரீட்ரிக்கின் வீட்டை நொறுக்குகிறது. அம்மா வாய்விட்டு அழுகிறாள். அவனும் அவளோடு சேர்ந்து அழுகிறான். அத்தியாயம் அங்கே முடிகிறது.